லைலாவின் மீதி

லைலா கறுப்பாக இருந்திருப்பாளா, சிவப்பாகவா? கொழும்பில் அவளுக்குச் சொந்த வீடு இருந்ததா, இல்லை இவர்தான் ஓர் அறை எடுத்துக் கொடுத்திருந்தாரா?

மிளகு காயப்போட்டிருந்த படங்கின் ஓரத்தில் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதும் நூருன்னிஸா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கணவர் ஸக்கரியா மவுத்தாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கொழும்பில் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். லீவுக்கு மட்டும் மாத்தளைக்கு வந்து போனவர். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்த கடைசி நாட்களில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "லைலாவுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கணவனை இழந்தவளாக இத்தா இருந்த மாதங்களில், வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இருந்த நூருன்னிஸாவின் மனதில் லைலாவுக்கு மூக்கும் முழியும் முளைத்தன. கோபப்படலாம் என்றால் எதிரே ஆளில்லை. கோபமா அது என்பதும் விளங்கவில்லை.

அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு கொழும்பிலிருந்து றிஷாத் என்ற இளைஞன் வந்தான். தீயணைப்புப் படையில் வேலை. கையால் இழுத்த பம்பு வண்டிகள் தொடங்கி, மணியடித்துக்கொண்டு ஓடிய பழைய வண்டிகள் வரை எல்லாவற்றையும் சேர்த்து அங்கே ஒரு காட்சிச்சாலை வைக்கிறார்களாம். அவற்றின் கதையை எழுதுவது அவன் பொறுப்பு. பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"இவதான் மாமி லைலா."

நூருன்னிஸா படத்தைத் தொடவில்லை. எட்டித்தான் பார்த்தாள். சிவப்பு வண்டி ஒன்று. அதன் படியில் ஒரு காலை வைத்து, மீசை அரும்பிய ஸக்கரியா சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியா?"

"லேலண்ட் எண்டு இங்கிலீசுல முன்னுக்குப் பதிச்சிருந்திச்சி. கடைசி ரெண்டு எழுத்தும் இல்லாமப் போனதும் லைலா ஆயிட்டா. ரேடியேட்டர் ஒழுகும். அடிக்கடி தண்ணி ஊத்தாட்டி நடுரோட்டுல நிண்டுருவாவாம்."

மகள் றிப்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "யா அல்லாஹ்! உம்மா, இவ்வளவு நாளும் ஒரு லொறியோடயா நீங்க சண்ட புடிச்சீங்க?"

நூருன்னிஸாவும் சிரித்தாள். நெஞ்சுக்குள் எதுவோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. ஆனால் றிஷாத் இன்னும் முடிக்கவில்லை.

"அந்த ரெண்டு எழுத்தும் தானா விழல்ல மாமி. ஸக்கரியா டிரைவர்தான் கழட்டினாரெண்டு அந்தக் காலத்து ஆளொருத்தர் சொன்னாரு. இங்கிலீசு 'என்'னும் 'டி'யும். பித்தள. இங்க எங்கயும் கெடக்கா?"

றிப்காவின் சிரிப்பு நின்றது. "உம்மா, அலமாரிக் கதவுல..."

கல்யாணம் முடித்த வருடம் கைலேஞ்சியில் சுற்றி அவர் கொண்டுவந்தவை அந்த இரண்டு எழுத்துகளும். "சேத்து வாசி பாப்பம்" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளை ஞாபகப்படுத்தி, "என்... டி... எண்ட" என்று வாசித்தாள். "ஆ, அதுதான்" என்றார். எண்ட. என்னுடையது. வாழ்ந்த காலம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த அப்படியான சொல் அது ஒன்றுதான். அலமாரிக் கதவின் உட்புறத்தில் அவரே திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். அந்தத் தடிப்பால் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தியதில்லை. உடுப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அவள் அதை மனதுக்குள் வாசிப்பாள்.

இப்போது எப்படி வாசிப்பது? எண்ட என்று சொல்வதற்காகத்தான் வண்டியிலிருந்து அவற்றைக் கழற்றினாரா? அப்படியென்றால் லைலா அதன் மிச்சம். இல்லை, லைலா என்று பேர் வைக்கக் கழற்றிவிட்டு, வீசுவானேன் என்று மிஞ்சியதை இங்கே கொண்டுவந்தாரா? அப்படியென்றால் மிச்சம் யார்? ஒரு பெண்ணாக இருந்திருந்தால் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். இரும்பிடம் என்ன கேட்பது? சாகும்போது அவர் தாகத்தைப் பற்றிக் கேட்டாரே, அது அவளுடைய தாகம். அந்த வண்டியுடையது.

"அதக் கழட்டித் தந்தீங்கண்டா வண்டி முழுசாயிரும் மாமி," என்றான் றிஷாத். "வாப்பாட பேரையும் பக்கத்துல போடுவோம்."

"குடுங்களே உம்மா," என்றாள் றிப்கா. "வாப்பாக்குப் பெரும தானே?"

நூருன்னிஸா படத்தை எடுத்தாள். சிரிக்கிற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. படத்தைத் துடைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஏலா மகன்."

"கொப்பி ஒண்டு செஞ்சிட்டுத் திருப்பித் தாரேன் மாமி."

"அது அங்கயே கெடக்கட்டும்." குரல் உயரவில்லை. "அவக்குத் தண்ணிய மட்டும் ஒழுங்கா ஊத்துங்க."

உள்ளறையில் அலமாரிக் கதவு, வழமைபோல, ஒரு விரல் அகலத்துக்குத் தானாகத் திறந்து நின்றது.