சராசரி இருபத்தைந்து

மூன்று சீட்டுகளையும் அவள் பிரித்து மேசையில் வைத்தாள். பத்து. பத்து. ஐம்பத்தைந்து.

வானிலை அலுவலகத்தில் பதினொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. மத்தியானம் புயற்காற்று வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று மூன்று நிபுணர்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதித் தருவார்கள். அவள் கூட்டி மூன்றால் வகுத்து, படகுத்துறையில் நிற்கும் பயணிகள் படகுக்குத் தொலைபேசியில் சொல்வாள். முப்பதைத் தொட்டால் படகு நிற்கும். படகை ஓட்டுபவர் அவள் கணவர்.

இன்று சராசரி இருபத்தைந்து. போகலாம். ஆனால் பத்து எழுதிய இருவரும் மாமன் மச்சான். ஒரே வீடு, ஒரே கார். மாமன் எதைச் சொன்னாலும் மச்சான் ஒத்து ஊதுவார். வழியில் பேசாமலா வந்திருப்பார்கள்? அப்படியானால் இது இரண்டு சீட்டா, ஒரு சீட்டா? ஒன்று என்றால் கணக்கு முப்பத்திரண்டரை. படகு நிற்க வேண்டும்.

நிறுத்திவிட்டால் போச்சு என்றும் இருக்க முடியவில்லை. போன மாதம் நிறுத்திய அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அக்கரைக்குப் போக முடியாத ஒரு பெண்ணுக்கு, இறந்த தன் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமலே போய்விட்டது. புருஷனைக் காப்பாற்றத்தான் நிறுத்தினாள் என்று படகுத்துறையில் பேசினார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் சுடுகிறது.

"சார், காரணத்தைச் சொல்லிட்டு இன்னொரு தடவை எழுதித் தர்றீங்களா?" என்றாள்.

ஐம்பத்தைந்து எழுதியவர், எதையும் பாடம் நடத்துவதுபோல் விளக்குவதால் எல்லோருக்கும் டீச்சர். காற்றழுத்தம் விடியலிலிருந்து இறங்குவதைக் காட்டினார். மாமன் மேகமே இல்லாத செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். மச்சான் இரண்டுக்கும் தலையாட்டினார்.

புதுச் சீட்டுகள் வந்தன. டீச்சர் பதினைந்துக்கு இறங்கிவிட்டார். மாமன் முப்பத்தைந்துக்கு ஏறிவிட்டார். மச்சான் இருபத்தைந்து.

"டீச்சர், நீங்கதானே வரும்னு சொன்னீங்க?"

"அவர் சொன்னப்போ அதுவும் சரியாத்தாம்மா பட்டுச்சு."

அவள் கூட்டினாள். மறுபடி இருபத்தைந்து! ஆளாளுக்கு இடம் மாறி உட்கார்ந்தும் கூட்டுத்தொகை மட்டும் அசையவில்லை. இதை நம்புவதா, இதற்குப் பயப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. நூற்றில் இருபத்தைந்து என்றால் என்ன? கணவர் கால்வாசி மட்டுமா புயலில் மாட்டுவார்? மண்டை காய்ந்தது.

தொலைபேசி அடித்தது. கணவர்தான்.

"என்னம்மா, அறுபத்தி மூணு பேர் ஏறியாச்சு. எவ்வளவு?"

"இருபத்தஞ்சுங்க."

"அப்போ கிளம்பலாம். ஆமா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? நீ என்ன நினைக்கிற?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அடுத்தவர் எண்களைக் கூட்டிக் கூட்டி, தனக்கென்று ஓர் எண் இல்லாமல் போனது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரையும் பார்த்தாள். மூவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

"கணக்கு சரியா இருக்குல்ல?"

"கணக்கு சரிதான்."

"அப்புறம் என்ன? வந்துடுறேன்."

படகின் சங்கொலி முதலில் தொலைபேசியில் கேட்டது. அடுத்த நொடி ஜன்னல் வழியாகவும் கேட்டது. யாரும் நாற்காலிக்குத் திரும்பவில்லை. மாமனும் மச்சானும் டீச்சரும் சாத்திய ஜன்னலருகே போய் நெருக்கி நின்றார்கள். அவளும் போய் நின்றாள். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது.

"எத்தனை பேர் இருக்காங்க?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

"அறுபத்தி மூணு. அவரோட அறுபத்தி நாலு."

காலைக் குளிரில் நான்கு பேர் மூச்சும் பட்டுக் கண்ணாடி வெளுத்தது. படகு மறைந்துபோனது. அவள் புடவைத் தலைப்பால் துடைத்தாள். சின்னதாகத் தெரிந்தது. மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தாள்.