மலைக்குத் தனி அளவு கேட்டு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. அக்கா என்னிடம் கேட்டது ஒரு விண்ணப்பம்.

"மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. மலைரோட்டுல வண்டி டீசல் கூடத்தான் குடிக்கும், அதுக்கு என்னைக் குத்தம் சொல்லாதீங்கன்னு. நாலு வரி போதும். உனக்குத்தான் எழுத வருமே" என்றாள்.

எனக்கு எழுத வரும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. நாள் முழுக்க மொழிபெயர்ப்பு நாவலும் கையுமாக நான் கிடப்பதைப் பார்த்து வந்தது. தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவளுக்குச் சமைக்கத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரியான நம்பிக்கை.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். இன்று வெள்ளி. பதினோரு பக்கம் வந்துவிட்டது. விண்ணப்பம் இன்னும் வரவில்லை.

2.

வீசியெறிந்த ஆரம்பங்களில் இரண்டை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன். சிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது: "பனி பொழிந்துகொண்டிருந்த அந்த விடியலில் தண்ணீர் வண்டியின் சாரதி தன் கம்பளி மேலங்கியின் கழுத்துப்பட்டையை உயர்த்திவிட்டபடி, தொலைவில் மணியோசை—"

(அக்காவிடம் கம்பளி மேலங்கி கிடையாது. அவள் வண்டி ஓட்டுவது காக்கிச் சட்டையில். மணியோசை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.)

இரண்டாவது: "அவள் தோள்களைக் குலுக்கினாள். 'மலை என்பது ஒரு மனநிலை' என்றாள்."

இதை அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"நான் எப்போடி தோளைக் குலுக்கினேன்? எனக்கென்ன குளிர் ஜுரமா?"

"அது ஒரு பாவனைக்கா. நாவல்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"மனநிலையாம். வண்டியில மனநிலையா ஏத்திட்டுப் போறேன்? அறுபது கேன் ஏத்திட்டுப் போறேன். ஆயிரத்து இருநூறு கிலோ. அதை எழுது."

எழுதுகிறேன்.

3.

அக்கா தண்ணீர் கேன் கம்பெனியில் ஓட்டுநர். சின்ன சரக்கு வண்டி. அவளுக்குக் கொடுத்திருப்பது மலைப் பாதை: பத்தொன்பது வளைவு, உச்சியில் ஒரு பள்ளிக்கூடமும் ஏழெட்டு விடுதிகளும். போகும்போது கேன் நிறையத் தண்ணீர், வரும்போது காலிக் கேன். அதாவது எப்போது வண்டி இலேசாக இருந்தால் தேவலையோ அப்போது மூச்சு முட்டும் பாரம். எப்போது பாரம் இருந்தாலும் பரவாயில்லையோ அப்போது ஒன்றுமில்லை.

ஆறு மாதத்துக்கு முன் மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்ட ஆரம்பித்தார். யார் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது, மேலிருந்து கீழாக. முதலிடத்துக்குக் கைதட்டல். தொடர்ந்து மூன்று மாதம் கடைசியில் வந்தால் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கேன் கழுவும் பிரிவு.

அக்கா அந்தப் பிரிவிலிருந்துதான் வந்தவள். ஆறு வருஷம் மருந்துத் தண்ணீரில் கையை விட்டு, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் வெட்டினால் கத்துவாள். இரவல் வண்டியில் ஓட்டக் கற்று, இரண்டு தடவை தேர்வில் தவறி, மூன்றாவதில் உரிமம் வாங்கினாள். சாவி கையில் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

போன மாதம் கடைசி. அதற்கு முந்தைய மாதமும் கடைசி. இந்த மாதப் பட்டியல் நாளைக் காலை பத்து மணிக்கு.

அக்காவின் வண்டி லிட்டருக்கு ஏழு. பட்டியலின் முதலிடம் பதினாலு. அந்தப் பதினாலுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போதும் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும் என்பதால் வந்த பெயர். அவருடைய பாதை புறவழிச்சாலை, பலகை போட்டு இழைத்த மாதிரி சமதளம்.

4.

மேனேஜரை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். அவர் பேசியதை அப்படியே எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இவ்வளவு எளிதான வில்லனா என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

அதனால் ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் ஆழமானவராக்கினேன். தனிமையில் வாடுகிறவர், ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறவர், ஒரு பூனை வளர்க்கிறவர். பூனை மூன்று பக்கத்தைத் தின்றது. வெட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். அக்கா செவ்வாய்க்கிழமை அவர் அறைக்குப் போனாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வழித்தட வரைபடம். அதில் மலை பச்சையாக இருந்தது. உயரமாக இல்லை.

"கிலோமீட்டர்னா கிலோமீட்டர்தானேம்மா. அதுல மேடென்ன பள்ளமென்ன?"

"ஏறும்போது செகண்ட் கியர்லயே கத்திக்கிட்டுப் போகுது சார்."

"சரி, ஏறும்போது செலவாகுது. அதான் இறங்கும்போது திரும்பக் கிடைச்சிடுதுல்ல? மொத்தத்துல சமம்."

"இறங்கும்போது டீசலைத் திரும்ப டேங்க்ல துப்புமா சார் இந்த வண்டி?"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மேஜையிலிருந்த அளவுகோலை எடுத்து நேராக்கி வைத்தார்.

"நீங்க சொல்றது நிஜம்னா சோதிச்சுப் பாத்துடலாம். ஒருநாள் மாப்பிள்ளை மலைக்குப் போகட்டும். நீங்க புறவழிச்சாலைக்குப் போங்க. டேங்க் நிரப்பிட்டுக் கெளம்புங்க, வந்து திரும்ப நிரப்புங்க. விளங்கிடும்."

பார்த்தீர்களா? இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முட்டாள் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த ஆள் திடீரென்று புத்திசாலித்தனமாக ஒன்றைச் சொல்லிவிட்டார். கதாபாத்திரங்களை நம்பக் கூடாது.*

* திங்கட்கிழமையே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருந்தால் சோதனையே வந்திருக்காது என்று அக்கா நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில் சொன்னாள்.

5.

நேற்று சோதனை.

சமதளத்தில் அக்காவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாலை எதிர்ப்பு இல்லாமல் படுத்துக்கிடந்தது. மலையில் அடுத்த வளைவுக்குள் ஒரு லாரி இருக்கும் என்று கால் எப்போதும் பிரேக்கின் மேல் காத்திருக்கும், இங்கேயும் காத்திருந்தது. எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் அழுத்தினாள். அழுத்திவிட்டு, விட்டதைப் பிடிக்க ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். நாலாவது கியரில் போகவேண்டிய இடத்தில் மூன்றாவதில் உறுமிக்கொண்டு போனாள். மதியம் முதுகுதான் ஏமாந்துபோய் வலித்தது.

"அந்த ரோட்டுல தூக்கம் வருதுடி. அதுல ஓட்டுறவருக்குக் கைதட்டல் வேற."

திரும்ப டேங்க் நிரப்பிப் பார்த்ததில் அக்காவுக்கு லிட்டருக்குப் பன்னிரண்டு. ஒரே நாளில் ஏழு பன்னிரண்டாகிவிட்டது. ஆள் அவளேதான், சாலைதான் வேறு. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். வெளிச்சத்தில் முடிகிற கதைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் மாப்பிள்ளை இன்னும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை.

ஐந்து மணிக்கு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, ஒரு பட்டனைக் காணோம். பதினாலின் அரசர் மலையில் எடுத்தது எட்டரை.

அக்காவுக்கு அரை நிமிஷம் சந்தோஷம். பிறகுதான் உறைத்தது. பதினாலு எட்டரை ஆனது மலையால். சரி. ஆனால் அதே மலையில் அவள் எடுப்பது ஏழு. அந்த ஒன்றரை யாருடையது?

6.

(மாப்பிள்ளையை வில்லனாக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, இறக்கத்துல நியூட்ரல் போட்டுடுவீங்களா?"

"போடாம? உருண்டுதானே வருது. எதுக்கு டீசல் எரிக்கணும்?"

"அங்கதான் போகுதுக்கா. நியூட்ரல்ல விட்டா இஞ்சின் நின்னுடக் கூடாதுன்னு சொட்டுச் சொட்டா குடிச்சிக்கிட்டே இருக்கும். கியர்லயே வச்சிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டீங்கன்னு வைங்க, சக்கரமே இஞ்சினைச் சுத்திக்கும். டீசல் சுத்தமா நின்னுடும். வண்டியும் இழுத்துப் பிடிச்ச மாதிரி வரும், பிரேக்கும் சூடேறாது."

"யார் சொன்னா உனக்கு?"

"வண்டியோட குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அதையெல்லாமா படிப்பே?"

"புறவழிச்சாலையில வேற என்ன பண்றது?"

அக்கா குழாயை மூடினாள். ஒன்றரை வருஷமாக, தினமும் வளைவுக்கு வளைவு, டீசலைச் சேமிப்பதாக நினைத்துக்கொண்டு டீசலைக் கொட்டியிருக்கிறாள். பட்டியல் வந்த பிறகு இன்னும் கவனமாக, முன்பு கியரில் இறங்கிய நாலு வளைவிலும் நியூட்ரல் போட ஆரம்பித்தாள். எண் அதற்கப்புறம்தான் இன்னும் கீழே போனது.

போதாததற்கு, எல்லா வண்டியின் கதவிலும் சிவப்பு எழுத்தில் இருக்கிறது: இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டுபவர் வண்டியிலிருந்து நீக்கப்படுவார். எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படிப்பதில்லை.

மாப்பிள்ளை கிளம்பும்போது தயங்கினார். "மேனேஜர் இப்ப என்னைக் கூப்பிட்டார்க்கா. மலைக்கு ரெண்டாவது வண்டி விடணுமாம், எட்டரை எடுத்துட்டேல்ல, அதுக்கு நீயே போன்னார். போனா உங்களுக்கப்புறம் கடைசிக்கு நான்தான் வருவேன். அந்த லெட்டர் எழுதுறதா சொன்னீங்களே... அதுல என் கையெழுத்தும் போட்டுக்கலாமா?"

7.

ஆக, இன்று வெள்ளி சாயங்காலம். சமையலறை மேஜை. அக்காவும் நானும் ஒரு வெள்ளைத் தாளும். முடிவுகளைச் சொல்லிப் பார்த்தேன்.

"மேனேஜரையே மலைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி எழுதட்டுமா? பத்தாவது வளைவுல அவருக்கு ஞானம் வருது."

"அவருக்கு வாந்திதான் வரும்."

"நீ சாவியை மேஜையில தூக்கிப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து போறே."

"எங்க? கேன் கழுவவா?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கதையை விடு. நியூட்ரல் விஷயத்தை லெட்டர்ல எழுதாம விட்டா என்ன ஆகும்?"

"எல்லாம் மலையாலதான்னு ஆகும், சாவியும் தங்கும். அடுத்த மாசம் நீ கியர்லயே இறங்கி எட்டரை எடுப்பே. பாத்தியா, மலை ஒண்ணும் காரணமில்ல, பட்டியல் போட்டதும் நீ திருந்திட்டேன்னு மேனேஜர் சொல்வார். மலைக்குத் தனி அளவு கிடைக்கவே கிடைக்காது."

"எழுதினா?"

"சிவப்பு எழுத்து."

"எட்டரை எடுக்காம ஏழுலயே ஓட்டிக்கிட்டிருந்தா?"

"அதுவும் பண்ணலாம். யாருக்கும் தெரியாது."

அக்கா தாளைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள். "தெரிஞ்சதுக்கப்புறம் எப்படிடி நியூட்ரல் போடுறது? கை போகாது" என்றாள்.

மொழிபெயர்ப்பு நாவலாக இருந்தால் இதற்கு அவள் ஒரு சிகரெட் பற்ற வைத்திருப்பாள். அக்கா எழுந்து போய் மறுநாளைக்குக் காக்கிச் சட்டையைத் தேய்த்தாள். நான் விண்ணப்பத்தை எழுதினேன். ஐந்து நாளில் வராதது அப்போது ஐந்து நிமிஷத்தில் வந்தது:

"ஐயா, மலைப் பாதையில் யார் ஓட்டினாலும் டீசல் கூடுதலாகத்தான் ஆகும், நேற்றைய சோதனையே சாட்சி.

ஆகவே மலைக்குத் தனி அளவு வைத்து, அதற்குள் எங்களை ஒப்பிட வேண்டுகிறோம்.

இறக்கத்தில் நான் இதுவரை

இப்படிக்கு, மலைப் பாதை ஓட்டுநரும், புறவழிச்சாலை ஓட்டுநரும்."

மூன்றாவது வரியில் அவ்வளவுதான் எழுதினேன். மிச்சத்தை அக்காவைச் சொல்லச் சொன்னேன். "நீயே எழுது, உனக்குத்தான் எழுத வருமே" என்றாள். என்னால் முடியவில்லை. உண்மையை எழுதினால் அவள் சாவியை நான் பிடுங்கிக் கொடுக்கிறேன். மழுப்பினால், மலையேறப்போகும் எல்லோரையும் அந்தப் பட்டியலுக்கே விட்டுவிடுகிறேன். பதினோரு பக்கம் எழுதித்தள்ளத் தெரிந்த எனக்கு அரை வரி வரவில்லை.

தாளை மடிக்காமல் மேஜைமேல் விட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு அவள் எடுத்துக்கொண்டு போவாள், வாக்கியம் எப்படி இருக்கிறதோ அப்படியே. இது வரைக்கும் பொறுமையாகப் படித்த உங்களுக்கு ஒன்றும் சும்மா கிடைக்காது. இடம் விட்டிருக்கிறேன், முடித்து வையுங்கள். ஒரு வரிக்குள் இருக்கட்டும். நீளமாக எழுதினால் மேனேஜர் படிக்கமாட்டார். சுருக்கமாக எழுதினால் புரிந்துகொண்டுவிடுவார்.