ஹார்லன் டீஸின் வாக்கு உறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த ஹார்லன் டீஸ் பிறகு எழுந்திருக்கவில்லை. எண்பத்தாறு வயது, பழைய இதயம், யாருக்கும் ஆச்சரியமில்லை. செவ்வாய்க்கிழமை தேர்தல். இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுஷர் என்று மகள் வெர்லாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது.

வெர்லா கவுண்டி ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். பேருக்குத்தான் ஆடிட்டர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலத்தைப் பிள்ளை பேருக்கு மாற்றவேண்டுமா, வாக்காளர் பட்டியலில் பேர் ஏறவேண்டுமா, தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போடவேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் வந்து நிற்பது அந்த ஜன்னலில்தான். கழிவறை எங்கே என்று கேட்பவர்களும் அங்கேதான் வருவார்கள். வெர்லா எல்லாருக்கும் பதில் சொல்வாள். பட்டியலில் பேர் சேர்ப்பது அவள் வேலை, எடுப்பதும் அவள் வேலை. வியாழக்கிழமைதோறும் ஊர்ப் பத்திரிகை வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து மரண அறிவிப்புகளை வெட்டிவைப்பாள். மாநிலத்திலிருந்து இறந்தவர் பட்டியல் மாதம் ஒருமுறை வரும். அதுவரைக்கும் இந்தத் துண்டுக் காகிதங்கள்தான் சாட்சி.

பத்து நாளைக்கு முன்னால் அப்பாவுக்கு வாக்குச்சீட்டு உறையை வீட்டுக்கே கொண்டுபோனவளும் அவள்தான். இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியை மூடி, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. அந்தப் பள்ளியில்தான் ஹார்லன் படித்தார், வெர்லாவும் படித்தாள். அவர் எந்தப் பக்கம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்கே தன் ஓட்டைச் சொல்லாத மனுஷர்.

"நான் நேர்லதான் போயி போடுவேன்," என்றார் ஹார்லன். "கோட்டப் போட்டுக்கிட்டு, வரிசைல நின்னு. அதான் ஓட்டு. இது என்னடி, கல்யாணப் பத்திரிகை மாதிரி உறைக்குள்ள வச்சு ஒட்டிக்கிட்டு."

"பாத்ரூம் வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்குது உங்களுக்கு. வரிசைல நிக்கப் போறாராம்."

"சரி. இதைப் போட்டுட்டு நான் செவ்வாய்க்கிழமைக்குள்ள செத்துட்டா? செல்லுமா?"

செல்லாது என்று வெர்லாவுக்குத் தெரியும். உறையைத் திறப்பதற்கு முன்னால் ஆள் போய்விட்டார் என்று தெரியவந்தால் அந்த ஓட்டை எண்ணக் கூடாது. தெரிந்தும், "போட்டா போட்டதுதான்ப்பா. பேசாம கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு சீட்டில் குறித்தார். மடித்தார், ஒட்டினார், கையெழுத்தும் போட்டார். 'நான் வாக்களித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கும் ஸ்டிக்கரை அவள் நீட்டினபோது வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். "இன்னைக்கு எதுக்கு? அன்னைக்கு ஒட்டிக்கிட்டு காப்பிக் கடைக்குப் போவேன். நீதான் வண்டி ஓட்டணும்."

அவரிடம் இருந்ததே ஒரு கோட்டுதான். அதையும் இரண்டு காரியங்களுக்குத்தான் எடுப்பார். ஒன்று அடுத்தவர் சாவு, இன்னொன்று தேர்தல்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்லா அலுவலகத்துக்கு வந்து நின்றாள். ஆடிட்டர் டுவேன் அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"எதுக்கு வந்தீங்க வெர்லா? நாங்க பாத்துக்க மாட்டோமா?"

"வீட்ல உக்காந்து என்ன பண்ண? துக்க வீட்டுக்குன்னு ஆறு வீட்லேருந்து கேசரோல் சமைச்சு வந்துருக்கு. பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

டுவேன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். நல்ல பையன், ஆடிட்டர் பதவிக்கே தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவன், ஊர் மனசு தெரிந்தவன். "இங்க பாருங்க," என்றான் மெதுவாக. "பத்திரிகை வியாழக்கிழமைதான் வரும். மாநிலப் பட்டியல் அடுத்த மாசம். என் மேசைல ஒரு காகிதமும் கெடையாது. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஊர் முழுக்க துக்கம் விசாரித்தாகிவிட்டது. காகிதத்தில் மட்டும் ஹார்லன் டீஸ் இன்னும் சாகவில்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனால் போதும், அப்பாவின் கடைசி ஓட்டு எண்ணப்பட்டுவிடும். அவருக்குக் கொடுத்த வாக்கும் பொய்யாகாது. கடவுளே, அதைத்தான் அவள் ஆசைப்பட்டாள். இரண்டு இரவும் தூங்காமல் அதை மட்டும்தான் ஆசைப்பட்டாள்.

ஆனாலும் உறை பிரிக்கும் அறைக்குப் போனாள். அங்கே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெர்னடீன் குபாச்.

பெர்னடீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் லெஸ்டர் புற்றுநோயில் கிடந்தான். பென்சில் பிடிக்க முடியாத கையை இவள் தாங்கிப் பிடிக்க, அரை மணி நேரம் பாடுபட்டு ஓட்டுக் குறித்தான். தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை போய்விட்டான். மறுநாள் தேவாலயத்தில் அறிவித்ததைக் கேட்டு வந்து அவன் உறையைத் தனியே எடுத்து, சட்டம் சொல்கிற வார்த்தையை அதன் மேல் எழுதியது வெர்லாதான்: வாக்காளர் இறந்துவிட்டதால் நிராகரிக்கப்பட்டது. பெர்னடீன் ஜன்னலுக்கு வந்து கெஞ்சினாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா," என்று வெர்லா சொல்லிவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள். அதைத்தான் பெர்னடீனால் மறக்க முடியவில்லை.

ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து உறை பிரிக்கும் குழுவில் பேர் கொடுத்தாள். "எம் புருஷனுக்குச் செஞ்சதை நீ எல்லாருக்கும் செய்றியான்னு நான் கூட இருந்து பாக்கணும்," என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

இப்போது பெர்னடீன் ஒவ்வோர் உறையாக எடுத்துப் பேரைப் படித்துப் பிரிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் உறையில் கை நின்றது. பேரைப் படிக்கவில்லை. வெர்லாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அதைப் பிரிக்கவேண்டிய அடுக்கில் வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

"அக்கா," என்றாள் வெர்லா.

"என்ன? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வேலையப் பாக்க விடு."

"அதைக் குடுங்கக்கா."

"போயி காப்பி குடிச்சிட்டு வாடி. பத்து நிமிஷம் கழிச்சு வா. போ."

மற்ற இரண்டு பெண்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார்கள். போய்விடலாம். காப்பி அடுத்த அறையில்தான். யாரும் ஒரு நாளும் கேட்க மாட்டார்கள். வெர்லா கதவுவரைக்கும் போகவும் போனாள். அங்கே போனதும் லெஸ்டரின் உறைதான் ஞாபகத்துக்கு வந்தது, அதன் மேலிருந்த கோணல் கையெழுத்தோடு. திரும்பி வந்து அடுக்கிலிருந்து அப்பாவின் உறையை எடுத்தாள்.

"எங்கப்பா ஞாயித்துக்கிழம ஒன்றரை மணிக்கு எறந்துட்டாரு," என்றாள், மூன்று பேருக்கும் கேட்கும்படி. "நான் கூட இருந்தேன். நானே சாட்சி."

பேனாவை எடுத்து எழுதினாள். பலமுறை எழுதின வார்த்தைகள்தான். ஆனாலும் 'இறந்து' வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தவேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் எழுதி முடித்தாள். அந்த உறையை இனி யாரும் திறக்க மாட்டார்கள். சில மாதம் பெட்டியில் கிடக்கும், பிறகு பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். பள்ளியை மூடச் சொன்னாரா, வேண்டாமென்றாரா என்பது அதோடு போயிற்று.

"ஒன்னை யாருடி கேட்டா?" என்றாள் பெர்னடீன். "நான் கேட்டேனா? இத்தனை நாள் கேட்டேன், வாஸ்தவம். இன்னைக்குக் கேட்டேனா?"

வெர்லா அவள் தோளில் கை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் அழுதார்கள்.

ஒரு ஓட்டில் ஜெயித்தது, தோற்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் பள்ளியை மூடுவதென்று முடிவாயிற்று. ஹார்லன் எப்படிப் போட்டிருந்தாலும் அதேதான்.

முடிவு வருவதற்கு முன்னால், அன்று சாயங்காலம், சவ அடக்கம் நடத்தும் நிலையத்துக்காரர் போன் பண்ணி, அப்பாவுக்குப் போட உடுப்பு வேண்டும் என்றார். வெர்லா அப்பா வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கோட்டு மட்டும் கதவுப் பக்கம் தனியாகத் தொங்கியது. துலக்கின ஷூ கீழே ஜோடியாக இருந்தது. கோட்டின் இடது மார்பில், கொஞ்சம் கோணலாக, அந்த ஸ்டிக்கர். நான் வாக்களித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்கென்று எப்போதோ எழுந்து நடந்துவந்து ஒட்டிவைத்திருக்கிறார்.

அது பொய். அவர் ஓட்டு செல்லாது என்று இன்று காலைதான் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். நகத்தால் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்தாள். சுலபமாகத்தான் வந்தது.

"போட்டா போட்டதுதான்னு பொய் சொல்லிட்டேம்ப்பா," என்றாள் கோட்டைப் பார்த்து.

பிறகு பிரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள், கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனாள்.