சாம்பல் அறை

சித்தப்பா கேட்ட நம்பரைத் தேடி அப்பாவின் போனைத் திறந்ததும், அவரும் அவளும் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டுதான் வந்து நின்றது.

"கெடச்சுதா பாப்பா? லிஃப்ட் கம்பெனி மேனேஜர் நம்பர்மா. இத்தன வருஷம் வேல பாத்த எடம், சொல்லலேன்னா நல்லாருக்காது."

"தேடறேன் சித்தப்பா."

திரையில் சாம்பல் நிற அறை. ஒரே ஒரு பெஞ்சு. அதில் அப்பாவின் ஆள், மஞ்சள் சட்டைக்காரன், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளையாட்டில் செத்தால் இங்கேதான் வரவேண்டும். கூட விளையாடுகிறவர் பொத்தானை அழுத்தி வெளியே எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அதில் ஒரு சிரிப்பு. "எந்த லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னாலும் ஓடிப்போய் ஆள எடுக்கறேன். என்னை எடுக்க நீ ஒருத்திதான்."

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதியிருந்தார்: "மாட்டிக்கிட்டேன். வந்து எடு பாப்பா."

அவள் தையல் மெஷினில் இருந்தாள். "கொஞ்சம் இருப்பா" என்று பதில் போட்டாள். அப்புறம் மறந்தே போனாள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்.

தன் போனில் விளையாட்டைத் திறந்தாள். வெளியே எடுக்கும் பொத்தான் பச்சையாக மினுங்கியது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் அவர் விரல் திரையைத் தொடவேண்டும். தொடாவிட்டால் ஆள் அழிந்துபோவான். அப்பா கண்ணசந்து இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது; ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் போனை அவளே தொட்டு ஓட்டினால் அது அப்பாவாக இருக்காது. அறைக்குள் எத்தனை நாள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

கூடத்தில் நாற்காலிகளை ஓரமாக இழுக்கும் சத்தம்.

"பாப்பா, தூக்கப் போறாங்க. வந்து மொகத்தப் பாத்துக்கோ."

"கொஞ்சம் இருங்க."

விளையாட்டில் தன் ஆளை ஒரு மொட்டைமாடிக்கு ஏற்றினாள். விளிம்பு வந்தது. விரலை எடுக்காமல் நடக்கவிட்டாள்.

சாம்பல் அறை திறந்தது. மஞ்சள் சட்டைக்காரன் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான். யார் வந்தாலும் அப்படித்தான் நகர்வான்.

"பாப்பா!"

"இதோ வரேன்."

இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டு, தலையணைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பெஞ்சில் நான்கு கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.