பின்னறைக்கு வந்த பெட்டிகள்

அவன் ஒரு முறை கையைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் சுவரில் பட்டு, இழுபடாமல் அங்கேயே அடங்கியது. நல்ல அறை. தெருவின் இரைச்சல் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னலோரம் நகர்ந்து இன்னொரு முறை தட்டியபோதுதான், கட்டிலில் கிடந்த அப்பா கண் திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"யாருக்குடா கை தட்டுற?"

"கொசுப்பா."

அப்பா மெல்லத் தலையைத் திருப்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கொசு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் பேசுவதற்கு அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டு கேட்டார்:

"இந்தக் கட்டிலையும் மெத்தையையும் எடுத்துட்டா, சத்தம் வேற மாதிரி கேக்குமில்ல?"

அவன் கட்டிலருகே ஸ்டூலில் நேராகவே இருந்த தண்ணீர் டம்ளரை நேராக்கி வைத்தான். காது மடல்கள் சுட்டன.

வீட்டில் அறை என்று இருந்தது இந்த ஒன்றுதான். அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் இரவு வண்டி முடிந்து வந்து பகலில் தூங்குவதற்காகவே பின்பக்கம் தேடி எடுத்துக்கொண்ட அறை. மகனுக்குக் கூடத்து மூலை. படுக்கையும் அங்கேதான், பிழைப்பும் அங்கேதான். விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் பின்னணி இசை எழுதினான். வயலின் கூட்டம், கொம்புகள், பெரிய முரசுகள் எல்லாம் எங்கோ ஒரு மண்டபத்தில் ஆட்கள் வாசிக்க, சுரம் சுரமாகப் பதிவாகிக் கணினிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. விசையைத் தொட்டால் அந்த ஆட்கள் எழுந்து வாசிக்க வேண்டும். ஆனால் பழைய கணினிக்கு அவ்வளவு பேரைச் சுமக்கும் தெம்பு இல்லை. கொம்புகள் நுழைந்தால் வயலின்கள் திக்கின.

இப்போது முதன்முதலாக ஒரு திரைப்படம் வந்திருந்தது. புதுக் கணினி இல்லாமல் முடியாது. ஒரே இயந்திரம் என்றால் கூடத்து மூலையிலேயே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்று போலவே ஓட்டலாம். இரண்டு என்றால் ஒன்றில் எழுதலாம், மற்றொன்று வாத்தியங்களை மட்டும் சுமக்கும். பெரிய மேசை, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், கதவைச் சாத்தினால் அமைதி. அதற்கு ஓர் அறை வேண்டும். ஒன்றா இரண்டா என்று மாதக்கணக்கில் அவன் யோசித்ததாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவன் யோசிக்கவில்லை. காத்திருந்தான். அந்தச் சொல் மனதில் எழும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

பாகங்களைச் சேர்த்துக் கணினி செய்து கொடுப்பவர் அன்று காலையே போனில் கூப்பிட்டார். அவன் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினான்.

"சார், இன்னைக்குச் சொன்னாதான் சாமானெல்லாம் எடுத்து வைக்க முடியும். ஒண்ணா ரெண்டா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க சார்."

"ரெண்டு," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னறையில வைக்கிற மாதிரி. கேபிள் நீளமா இருக்கட்டும். கொஞ்சம் சீக்கிரம்."

குழாயை மூடினான். பின்னறையிலிருந்து இருமல் வரவில்லை. இருமல் கேட்காத அமைதி ஒரு விதம். யாரோ காது கொடுத்துக்கொண்டிருக்கும் அமைதி வேறு விதம். வித்தியாசம் அவனுக்குத் தெரியும். அவன் தொழிலே அதுதான்.

"என்னடா முடிவு பண்ணின?" அப்பாவின் குரல் வந்தது.

வாசற்படியிலேயே நின்றான். "ஒண்ணு போதும்ப்பா. கூடத்துலயே வெச்சுக்கலாம்."

"ம்." மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அதான் சரி. ரெண்டு வண்டி வாங்கினா ரெண்டு டிரைவருக்கு எங்க போவ?" என்றார். சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகிவிட்டது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். உள்ளங்கைக்கு எலும்புகள் மட்டுமே அகப்பட்டன.

மத்தியானம் அக்கா வந்தாள். தினமும் வருவாள், அப்பாவுக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வாள். அவள் வந்துவிட்டால் அவனுக்கு வேலை பார்க்க நேரம் கிடைக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு துரத்தல் காட்சிக்குக் கொம்புகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பழைய கணினி மெதுவாகத்தான் ஏற்றியது. ஏறும்வரை காதில் ஒன்றும் கேட்காது. கேட்காமல்தான் இருந்தது, அக்காவின் கை தோளில் படும்வரை.

ஹெட்போனைக் கழற்றினான்.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன்," என்றாள். கோபமில்லை. முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "வா."

போனான். வந்து பயனில்லை என்பது அறை வாசலிலேயே தெரிந்தது.

மறுநாள் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சிறிய வேன் நின்றது. கணினிக்காரர் இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனுடைய ஈரத் தலையையும், பின்னால் வந்தவர்களின் முகங்களையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"சார்... தெரியாம வந்துட்டேன். நீங்க சீக்கிரம்னு சொன்னீங்களேன்னுதான். திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன்."

"எப்போ சொன்னான்?" உள்ளேயிருந்து வாசலுக்கு வந்த அக்கா கேட்டாள்.

"நேத்துக் காலையிலம்மா. பின்னறைக்குன்னு சொன்னாரு, அதான் கேபிள்கூட நீளமாவே..." அவர் பாதியில் நிறுத்தினார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. "உள்ளேயே வெச்சுடுங்க," என்றாள். "தெருவுல நிறுத்தி வெச்சு நாலு பேர் கேக்க வேண்டாம்."

பெட்டிகள் பின்னறைக்குப் போயின. கட்டிலைக் காலையில்தான் பிரித்துச் சாத்தியிருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது என்று கணினிக்காரர் அருகருகே வைத்தார். அவர் போனதும் அக்கா அலமாரியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்து இரண்டையும் சேர்த்து மூடினாள். ஓரங்களை இழுத்துவிட்டாள்.

"அக்கா..."

"யாராவது கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ," என்று கூடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் அப்பாவின் கூட்டாளி வந்தார். ஒரே பஸ்ஸில் அப்பா டிரைவர், அவர் கண்டக்டர். பாதி ஆயுள் அப்படியே போனது. தகவல் தாமதமாகக் கிடைத்து, முகம் பார்க்கக் கிடைக்காமல் போனவர். கூடத்து ஆட்களிடம் ஒன்றும் பேசாமல் நேரே பின்னறைக்கு வந்தார். கட்டில் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போர்வை மூடிய பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

அவன் சுவரோரம் நின்றான்.

"உங்கப்பன் ஹாரனே அடிக்க மாட்டான், தெரியுமா? 'அவனா வழி விடட்டும்யா, விரட்டக் கூடாது'ம்பான். எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்," என்றார் அவர். பிறகு ஞாபகம் வந்தவர்போல, கீழே தட்டிப் பார்த்தார். "இது என்னப்பா, இவ்வளவு கெட்டியா?"

அக்கா டீயுடன் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

அவன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"அப்பாவோட சாமான்தான் மாமா."

கண்டக்டர் சட்டென்று கையை ஊன்றி எழுந்தார். "சொல்லக் கூடாதாடா," என்று முணுமுணுத்தார். தான் உட்கார்ந்த இடத்தில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்தார்.

"உக்காருங்க மாமா. நான் நாற்காலி கொண்டு வரேன்."

"வேணாம்ப்பா. நமக்கு நின்னே பழக்கம்."

அக்கா நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டார். ஓடும் வண்டியில் நிற்பவரைப் போலக் கால்களைக் கொஞ்சம் அகட்டி, விழாமலிருக்க ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாக டீ குடித்தார்.