கப்பல் கிழித்த தடம்

கனிமக் கப்பல் சொன்ன நாளுக்கு முன்பே வந்து, உறைந்த வளைகுடாவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போய்விட்டது. இன்று பிற்பகல் அம்மாவின் அடக்கம். வேட்டைக் குடிசைக்குப் போயிருந்த என் அண்ணன் போவஸ் தடத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். கனடாவின் வடகிழக்கில், எங்கள் லாப்ரடார் கரையில், அதைச் சுற்றிக்கொண்டு வர வழி கிடையாது.

கப்பல் போன தடம் மறுபடி உறைந்ததா என்று துளைபோட்டுப் பார்த்துப் பச்சைக் கொடி நடுவது என் வேலை. கொடி இல்லாமல் யாரும் கடப்பதில்லை. காலையில் என்னோடு வேலை பார்க்கும் மனாசே மாமாவும் வந்தார். எதிர் ஓரத்தில், கல்லெறி தூரத்தில், போவஸ் பனிவண்டியோடு நின்றிருந்தான்.

முதல் துளையில் கடைசிவரை கெட்டிப் பனிதான்.

"போதும், கொடியை நடு," என்றார் மாமா. "பாவம், அவன் மீசையே உறைஞ்சு போச்சு."

கையடக்கப் பேச்சு ரேடியோவில் போவஸ் கேட்டான்: "என்ன தபேயா, இன்னைக்கு நடுவியா, இல்ல நான் கோடையில படகுல வரட்டுமா?"

ரேடியோவை ஊரே கேட்கும். யாரோ சிரித்தார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கப்பல் உடைத்த பனி சீராக உறையாது. உருண்டு கிடக்கும் பெரிய கட்டியில் துளைத்திருந்தால் அளவு ஏமாற்றும். ஓரடி தள்ளித் துளைத்தேன். துளைக்கருவி சரேலென்று இறங்கியது. கடல்நீர் பொங்கி மேலே வந்தது. இன்னும் தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் உறையாத பனிக்கூழ்தான்.

"அண்ணா, வராதே."

"வேகமா ஓட்டிட்டு வந்துருவேன்டி."

"கொடி கிடையாது."

"அம்மா இருந்தா உன்னத் திட்டும்."

"உன்னத்தான் திட்டும்."

அம்மா கேட்டிருந்த புகைபோட்ட மீனைத் போவஸ் துணியில் சுற்றி வைத்திருந்தான். "இதையாவது கொண்டு போ," என்று வீசினான். பொட்டலம் பாதித் தடத்தில் விழுந்தது. சற்று அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல அமிழ்ந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வண்டியின் எஞ்சினை அணைத்தான்.

பிற்பகல் கல்லறையில் பாடத் தொடங்கியதும் ரேடியோவை எடுத்தேன். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அண்ணனுக்குக் கேட்கும்; அது சிறியது. கையுறையைக் கழற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டில் விரல் இருப்பதே தெரியவில்லை. அழுத்துகிறேனா இல்லையா என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மண் போட்டு முடித்ததும் மாமா என் விரலைப் பிரித்துவிட்டார்.

"கேட்டுச்சு," என்றான் போவஸ் ரேடியோவில்.

நாளைக் காலை மறுபடி துளைக்க வேண்டும்.