மலை வீரனின் மூக்கு

ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தைச் சுற்றிக் குதித்தாடும் பெருந்தலைப் பொம்மைகளைத் தைக்கும் கூடம் அது. காலையிலிருந்தே ஸ்பாஞ்சுத் தூள் பறந்துகொண்டிருந்தது. ஸ்பாஞ்சில் பொம்மைத் தலை வெட்டுவதில் அந்த ஒரு தையல்காரியை மிஞ்ச அங்கே ஆளில்லை. அவள் மலை ஜனத்தைச் சேர்ந்தவள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று கால்பந்து அணியொன்றின் மேலாளர் புதுச் சின்னத்தின் படத்தோடு வந்திருந்தார். பெயர் 'மலை வீரன்'. உதடு தாண்டிய பல், முகத்தில் பாதியை அடைத்த சப்பை மூக்கு, இடுப்பில் இலை, கையில் எலும்பு.

"மூக்கு இன்னும் அகலமா இருக்கட்டும். பார்த்ததும் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கணும்," என்றார். "சந்தேகம்னா உன் மூஞ்சியவே அளவெடுத்துக்கோயேன். அசல் சரக்கு இங்கேயே இருக்கு!"

கூடத்தின் முதலாளி சிரித்தார். பழக்கத்தில் தையல்காரியின் உதடும் விரிந்தது. சிறுவயதில் பள்ளிப் பிள்ளைகள் இப்படி ஒரு படத்தைக் காட்டி "உங்க அப்பாவா?" என்று கேட்டபோதும் அவள் சிரித்தாள். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலிக்காது என்று நம்பியிருந்தாள். வலி போகவில்லை; உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. யாருமில்லாதபோது கண்ணாடி முன் நின்று தன் மூக்கைத் தானே கிள்ளி நீட்டிப் பார்ப்பாள்.

அளவு நாடாவை எடுத்துத் தன் மூக்கில் வைத்தாள். "ஒன்றரை அங்குலம்." மேலாளர் நகருமுன் அவர் மூக்கிலும் வைத்தாள். "அசையாதீங்க சார். உங்களுக்கு ஒரு நூல் அளவு கூடவே இருக்கு! அப்போ படத்துல இருக்கறது யாரோட அளவு?"

தையல் இயந்திரங்களின் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏம்மா, வேலைக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?" முதலாளி எழுந்துவிட்டார். "இதைத் தைக்கலைன்னா நாளையிலேருந்து வராதே."

இந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனாலும் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தாள். "தைக்க மாட்டேன் சார்."

"அட, சும்மா தமாஷுக்குத்தானே! இதுக்குப் போய்க் கோச்சுக்கலாமா?" என்றார் மேலாளர்.

"சரி, தமாஷாவே செய்வோம். உங்க ஜனத்தைப் பொம்மையாக்கறேன். தொப்பை, வழுக்கை, ரெண்டு காதுலயும் போன், மூடவே மூடாத வாய். நாலே நாள்ல தந்துடறேன். பசங்களையும் கூட்டிட்டு வந்து பாருங்க."

"எங்களைப் போய் நீ எப்படி..." மேலாளரின் முகம் சிவந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையல்காரி படத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்போ வந்துச்சே ஒரு கோபம், அது எல்லா ஜனத்துக்கும் உண்டு சார். அடுத்தவங்க முகத்தை வேடிக்கைப் பொருளாக்கறவங்க, முதல்ல அந்த இடத்துல தங்களோட முகத்தை வச்சுப் பார்க்கணும். நாங்க சிரிச்சுக்கிட்டே பொறுத்தது போதும்."